தாத்தாவின் எஸ்டி (Yezdi) பைக்கை நானே சரிசெய்து ஏற்காடு ஓட்டிப் போகலாமா?

கேள்வி: "லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது. அஸ்தம்பட்டி வீட்டில் தாத்தாவின் எஸ்டி ரோட்கிங் பல வருடமாகச் சும்மா நிற்கிறது. தாத்தா இப்போது இல்லை. முழுக்கப் பிரித்து நானே புதுசாக்கி ஏற்காடு போக ஆசை. எங்கே தொடங்குவது?"

பிரிப்பதில் மட்டும் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். என்னுடையது மாமாவின் 1986 மாடல் ரோட்கிங். கன்னங்குறிச்சி வீட்டுத் திண்ணையில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் கழற்றி, நட்டு போல்ட்டை ஒரே பெயின்ட் டப்பாவில் கொட்டினேன். அது திரும்ப வண்டியாக ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை அம்மா வடகம் காயவைக்க மொட்டை மாடி ஏறினார். டப்பாவை எடுத்துக்கொண்டு செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"கழட்டறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் ஆச்சா கண்ணு?"

"பாக்கலைங்கண்ணா."

"அப்பறம் எதுக்குக் கழட்டுன?"

அதனால் முதலில் ஆர்சியை எடுங்கள். இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா பாருங்கள். வண்டி தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுப் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் படிவம் 25. ஆர்சியே காணோம் என்றால் அதை முடிக்கும்வரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

அடுத்து, வண்டியை உயிரோடு எழுப்புவது. டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு உள்ளே துருவைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, கையால் கிக்கரை மெதுவாக அமுக்குங்கள். பிஸ்டன் நகர்ந்தால் பாதி நிம்மதி. பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் பிளாட்டினம் பாயின்ட்டை நைஸ் உப்புத்தாளில் தேய்த்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். பெட்ரோல் ஓஸ் எல்லாம் புதுசு போடுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. ஸ்டார்ட் ஆனபிறகு வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கீழே ஒரு சொட்டு ஒழுகாமலேயே கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால், கியர் ஆயிலை இன்ஜினுக்குள் விடாமல் தடுக்கும் கிராங்க் சீல் போய்விட்டது, ஆயிலை இன்ஜினே குடிக்கிறது என்று அர்த்தம். இன்ஜினைப் பிரிப்பதற்கு அது நியாயமான காரணம். 'பழசு, பிரிச்சுப் பாக்கலாம்' என்பது காரணமே இல்லை.

பழைய எஸ்டியைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996இலேயே மூடியாகிவிட்டது. பெயர் ஒன்றுதானே என்று 2022இல் வந்த புது எஸ்டியின் பாகத்தை வாங்கிவிடாதீர்கள், பொருந்தாது. பழைய பாகங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோருக்கு நம் ஊர் லேத் பட்டறைகளே போதும். பெயின்ட் கடைசி வேலை. நிறத்தை மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும்.

ஓட்டுவதற்கு வருவோம். கிக்கரும் கியரும் ஒரே லீவர், அதுவும் இடது பக்கம். உள்ளே அமுக்கி மேலே திருப்பினால் கிக்கர், உதைத்துவிட்டுப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் கியர். செல்ஃப் பட்டன் பழகிய காலுக்கு ஒரு வாரமாவது ஆகும். அந்த வாரத்தை ஐந்து ரோடு சிக்னலில் கழிக்க வேண்டாம்.

ஏற்காடு ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. இருபது கொண்டை ஊசியும் ஏறி, டீ குடித்து, பெருமையாக இறங்கினேன். டிரைவிங் ஸ்கூலில் சொன்னபடி இரண்டாவது கியர், ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிட்டு, இன்ஜின் பிடிப்பிலேயே வந்தேன். பாதி மலையில் சத்தம் மாறியது, கீச்சென்று ஒரு இழுவை, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் தப்பினேன். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிவிட்டது. இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலில் கலந்த ஆயில்தான் எண்ணெய்க் குளியல். ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் வராது, ஆயிலும் வராது. ஆனால் சரிவு இழுப்பதால் இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றும். காய்ந்து போகாமல் என்ன செய்யும்?

அடிவாரத்திலிருந்து மாமாவுக்குப் போன் போட்டேன். "எறங்கும்போது கிளட்சப் புடிச்சு அப்பப்ப ஆக்சிலேட்டர ஒரு முறுக்கு முறுக்க வேண்டாமா? இதெல்லாமா சொல்லித் தருவாங்க!" என்றார். வண்டியைக் கொடுக்கும்போது இதைச் சொல்லத் தோன்றவில்லையாம்.

நீங்கள் லிட்டருக்கு 40 மில்லி டூ டி (2T, டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து, வளைவுக்கு வளைவு அந்த முறுக்கைக் கொடுத்து இறங்குங்கள். கிளட்ச் பிடித்த நேரம் எல்லாம் பிரேக்தான் வண்டியைத் தாங்கும், அது பழைய டிரம் பிரேக். பிரேக்குக்குப் புது லைனிங் போட்ட மறுநாளே மலைக்குப் போகாமல், முதலில் குப்பனூர் வரை சமதளத்தில் நாலு தடவை போய்வந்து, டிரம்மைத் தொட்டு எவ்வளவு சுடுகிறது என்று பாருங்கள்.