மேகத்துக்குக் கீழே என்ன ஆராய்வது?

அன்புள்ள அண்ணா,

மலைச்சரிவுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் தொலையுணர்வில், அதாவது வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் துறையில், முதுகலை ஆய்வு தொடங்கப் போகிறேன். தலைப்பு இன்னும் முடிவாகவில்லை. 'இனி எல்லாம் ஏஐதான், படங்களைக் கொடுத்தால் அதுவே சொல்லிவிடும்' என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். செயற்கைக்கோளும் டிரோனும் இவ்வளவு பெருகிவிட்ட பிறகு நாங்கள் ஆராய ஏதாவது மிச்சம் இருக்கிறதா? எந்தப் பக்கம் போகலாம்?

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

நிறைய மிச்சம் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து தெரியும் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒருமுறை 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் எடுக்கின்றன. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மழைக்காலத்துப் படங்களைத் திறந்தால் பெரும்பாலும் மேகம்தான். ரேடியோ அலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்புவதைப் பதியும் ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். சரி, அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. சென்டினல்-1 ரேடாரின் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. நம் காட்டில் அது பெரும்பாலும் மேலிருக்கும் இலைகளிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. அடுத்த முறை வருவதற்குள் இலைகள் அசைந்து, வளர்ந்து, நனைந்து மாறிவிடும். இரண்டு பதிவுகளை ஒப்பிட்டு நிலம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று கணக்கிடும் முறை, கட்டடங்கள் நிறைந்த ஜார்ஜ்டவுனில் நன்றாகவே வேலை செய்யும், மலைக்காட்டில் கைவிட்டுவிடும்.

இந்த இடத்தில்தான் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கி, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோள் வருகிறது. அதிலுள்ள இரண்டு ரேடார்களில் ஒன்றின் அலைநீளம் 24 செ.மீ. இலைகளைக் கடந்து இன்னும் ஆழம்வரை போகும். 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும். பினாங்கு மலை போன்ற செங்குத்தான ஈரக்காட்டில் அதை எவ்வளவு நம்பலாம் என்பதை யாராவது அளந்து பார்த்தாக வேண்டும். நீங்களே ஏன் அதைச் செய்யக்கூடாது?

இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு சிக்கல் உண்டு. ரேடார் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழத் துருவத்திலிருந்து துருவத்துக்கு ஓடியபடி பக்கவாட்டில் பார்ப்பவை. நிலம் மேலே கீழே போனாலும், கிழக்கு மேற்காக நகர்ந்தாலும் அவற்றுக்குத் தெரியும். வடக்கு தெற்காக நகர்ந்தால் கிட்டத்தட்டத் தெரியாது. இப்போது நம் தீவின் வரைபடத்தை விரித்து, தஞ்சோங் பூங்காவிலிருந்து பத்து பெரிங்கி வரை கடலைப் பார்த்து இறங்கும் சரிவுகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று பாருங்கள், பெரும்பாலும் வடக்குதான். 2017 அக்டோபரில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் இறந்ததும் அதே தஞ்சோங் பூங்காவில்தான். அதை விண்ணிலிருந்து முன்கூட்டியே கண்டிருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டென்று சரியும் மண்ணுக்கு முன்னால் 12 நாள் இடைவெளி ரொம்பப் பெரியது. ஆனால் மெல்ல நகரும் சரிவுகளுக்காவது, ரேடாரோடு ஜிபிஎஸ், மழைமானி, டிரோன் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் முறை வேண்டும். 2022 டிசம்பரில் பத்தாங் காலி முகாமில் மண்சரிவுக்கு 31 பேரைப் பறிகொடுத்த நாடு இது. இந்த ஆய்வைத் தள்ளிப்போடக் கூடாது.

ஏஐ பற்றி. செயற்கைக்கோள் படங்களை அலசுவதற்காக நாசாவும் ஐபிஎம்மும் 2023இல் வெளியிட்ட பிரித்வி என்ற ஏஐ மாடலின் முதல் பதிப்பு அமெரிக்க நிலப்பரப்பின் படங்களைக் கொண்டு பயின்றது. உலகம் முழுவதற்குமான பதிப்பு பிறகுதான் வந்தது. எவ்வளவு பெரிய மாடலானாலும், பாலிக் பூலாவ் மலையில் எது டுரியான் தோப்பு, எது காடு என்று அதற்கு யாராவது காட்டித்தர வேண்டும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை. நடந்து போய் ஒவ்வோர் இடமாகக் குறித்து வந்தால்தான் உண்டு. பால்மரம் (ரப்பர் மரம்) ஆண்டுத் தொடக்கத்தின் வறண்ட மாதங்களில் இலை உதிர்க்கும் என்பது மரம் சீவிய நம் பாட்டிகளுக்குத் தெரியும். செம்பனை அப்படி உதிர்ப்பதில்லை. ஓராண்டுப் படங்களை வரிசையாக வைத்து அந்த உதிர்வைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் மாடல் தேறிவிடும்.

அப்புறம் ஃபோட்டோகிராமெட்ரி, அதாவது படங்களிலிருந்து அளவெடுப்பது. டிரோன் படங்கள் காட்டின் முகட்டைத்தான் காட்டும், தரைக்கு லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் வேண்டும். அதெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள். நான் ஆசைப்படுவது வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும், 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்திலும் பிரிட்டிஷ் விமானப்படை மலாயாவை வானிலிருந்து ஏராளமாகப் படமெடுத்தது. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த படங்களிலிருந்து அன்றைய நிலத்தின் உயரங்களை இன்றைய மென்பொருளால் மீட்டெடுக்கலாம். இன்றைய உயரத்திலிருந்து அதைக் கழித்தால், எந்த மேட்டை வெட்டினார்கள், எந்த ஓடையை மூடினார்கள் என்பது தெரியவரும். மழை பெய்தால் எங்கே பயப்பட வேண்டும் என்பதும் ஓரளவு அதில் இருக்கும். மறைந்துபோன தோட்டங்களின் லயங்களும் கோயில்களும் கூடக் கிடைக்கும். கஷ்டம் என்னவென்றால், படச்சுருள் சுருங்கியிருக்கும், கேமராவின் அளவுக் குறிப்புகள் இல்லாமல் போகலாம், இரண்டு காலத்துக்கும் பொதுவான அடையாளப் புள்ளிகள் அரிது. தோட்டம் இருந்த இடத்தில் இப்போது தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி. இந்தப் பொருத்தத்தைத் தானாகச் செய்யும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு நம் சமூகமே கடன்பட்டிருக்கும்.

இவற்றில் எதை எடுத்தாலும் எனக்கு எழுதுங்கள். பாலிக் பூலாவ் பக்கம் மரங்களைக் குறிக்கப் போவதானால், அங்கே தோப்பு வைத்திருக்கும் சிலரை எனக்குத் தெரியும். முன்கூட்டியே பேசி வைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்