உப்புத் தண்ணீரில் எலுமிச்சை: எந்த வேர்ச்செடி தாங்கும்?

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் 2 ஏக்கரில் விதை நாற்றாக வைத்த எலுமிச்சை, 4 வயது. சொட்டுநீர் போட்டிருக்கிறோம். போர் தண்ணீரைச் சோதித்ததில் இ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) மீட்டருக்கு 1.9 டெசிசீமன்ஸ், குளோரைடு லிட்டருக்கு 390 மில்லிகிராம். இலை நுனி கருகிக் கொட்டுகிறது. பக்கத்து 2 ஏக்கரில் எந்த வேர்ச்செடியில் (ஒட்டுக்கன்றுக்கு வேரும் அடிப்பகுதியும் தரும் செடி) ஒட்டிய கன்று வைக்கலாம்? இருக்கும் மரங்கள் தேறுமா?

பதில்: உங்கள் சோதனை அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது குளோரைடு. எலுமிச்சை, ஆரஞ்சு இனங்களில் இலையைக் கருக்குவது பெரும்பாலும் அதுதான். முற்றிய இலையில் நுனி மஞ்சளாகி, பிறகு செம்பழுப்பாகக் காய்ந்து, கருகல் ஓரத்தின் வழியே பின்னோக்கி இறங்கும். சந்தேகமிருந்தால் காய் இல்லாத கிளையிலிருந்து 4 முதல் 6 மாத இலைகளைப் பறித்துச் சோதியுங்கள். உலர் எடையில் குளோரைடு 0.7 சதவீதத்தைத் தாண்டினால் உறுதி.

மண்ணிலுள்ள குளோரைடு எவ்வளவு இலைக்கு ஏறும் என்பதை வேர்தான் முடிவு செய்கிறது. ரங்பூர் லைம், கிளியோபாட்ரா மாண்டரின் இரண்டும் அதை வேரிலேயே பெருமளவு தடுத்துவிடும். பாசன நீரில் சுமார் 590 மில்லிகிராம் வரை இவை தாங்கும். ஜம்பேரிக்கும் புளிப்பு ஆரஞ்சுக்கும் எல்லை 355. டிராயர் சிட்ரேஞ்ச், டிரைஃபோலியேட், சாத்துக்குடி இன வேர்களுக்கு 240கூட இல்லை. டிரைஃபோலியேட் சோடியத்தை நன்றாகத் தடுக்கும், குளோரைடை விட்டுவிடும். அதனால் ‘உப்பு தாங்கும் கன்று’ என்று நர்சரியில் சொன்னால், எந்த வேர்ச்செடி என்று பெயரைக் கேளுங்கள்.

உங்கள் 390க்கு ஜம்பேரி போதாது. ரங்பூர் லைம் வையுங்கள். கிளியோபாட்ராவும் தாங்கும், ஆனால் வேரழுகல் நோய்க்கு எளிதில் ஆளாகும். தண்ணீர் நிற்கும் மண்ணில் வேண்டாம். ரங்பூருக்கும் ஒரு பலவீனம் உண்டு: எக்சோகார்ட்டிஸ் என்னும் வைராய்டு (வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமி) வந்தால் பட்டை உரிந்து மரம் குன்றிவிடும். ஆகவே ஒட்டுக்கண் நோயற்ற தாய்மரத்திலிருந்து எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். ரங்பூர் விதையில் பெரும்பாலான நாற்றுகள் தாயைப் போலவே வரும். பாத்தியில் அளவுக்கு மீறி வளர்ந்ததும் குட்டையாக நின்றதும் இலை வேறுபட்டதும் கலப்பாக இருக்கும். அவற்றில் தாயின் தாங்கும் குணம் இருக்கும் என்று நம்ப முடியாது. ஒட்டுவதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு 15 சென்டிமீட்டராவது மேலே நிற்கட்டும்.

எந்த வேரானாலும், உப்பு அடியில் இறங்கப் போதுமான தண்ணீர் பாய்ந்தால்தான் இந்த எல்லைகள் பொருந்தும். கணக்கு எளிது. ஆரஞ்சில் மண்ணின் இ.சி. 1.7ஐத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். எலுமிச்சைக்கும் அதையே எல்லையாகக் கொள்ளலாம். 1.7ஐ 5ஆல் பெருக்கி அதிலிருந்து 1.9ஐக் கழித்தால் 6.6. 1.9ஐ அதனால் வகுத்தால் 0.29. அதாவது பாயும் தண்ணீரில் 29 சதவீதம் வேரைத் தாண்டி இறங்க வேண்டும். மரத்துக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் தேவை என்றால் 140 விடுங்கள். வடிகால் இல்லாத களிமண்ணில் இதையே செய்தால் வேருக்குக் காற்றில்லாமல் போய், குளோரைடைத் தடுக்கும் திறனும் சேர்ந்தே போகும். அங்கே முதல் வேலை வடிகால் வெட்டுவது.

இருக்கும் மரங்கள் சொந்த வேரில் நிற்கின்றன. எலுமிச்சை உப்புக்கு மென்மையான இனம். ஆனாலும் 4 வயது மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பொட்டாஷ் உரத்தை உடனே மாற்றுங்கள்: மூரியேட் பொட்டாஷில் ஏறக்குறைய பாதி குளோரைடுதான். சல்பேட் ஆப் பொட்டாஷ் அல்லது பொட்டாசியம் நைட்ரேட் போடலாம். நைட்ரேட் குளோரைடோடு போட்டியிட்டு அது வேருக்குள் நுழைவதைக் குறைக்கும். தண்ணீர் இலையில் படக்கூடாது. லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடுள்ள நீர் இலை வழியாகவே உள்ளே போகும். தெளிப்புநீர் உங்களுக்கு ஆகாது. மரத்தடியில் மூடாக்கு போடுங்கள்.

சொட்டுநீர் நனைக்கும் வட்டத்தின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், பாருங்கள். ஐப்பசியில் முதல் தூறல் விழும்போது அது கரைந்து வேர்ப்பகுதிக்குள் இறங்கும். ‘மழைதான் பெய்கிறதே’ என்று மோட்டாரை நிறுத்துவது அப்போதுதான் ஆபத்து. மண் ஆழமாக நனையும் அளவுக்கு நல்ல மழை பெய்யும் வரை சொட்டுநீரை ஓடவிடுங்கள்.