சேலத்திலிருந்து பவானிக்கு ஒரு நாள்: சங்ககிரியையும் சேர்க்கலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். ஆடி 18 அன்று பவானி கூடுதுறையில் குளிக்க வேண்டும் என்று என் மாமியார் ஆசைப்படுகிறார். வயது 70, முழங்கால் வலி உண்டு. ஏழாவது படிக்கும் மகன் வழியில் சங்ககிரி மலைக்கோட்டையில் ஏற வேண்டும் என்கிறான். ஒரே நாளில் இரண்டும் முடியுமா? காரா, பஸ்ஸா?

பதில்: கோட்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலையேற்றம், ஆற்றுக் குளியல் இரண்டுக்குமே காலைதான் நல்ல நேரம். சங்ககிரியில் வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது. முதலில் மலை ஏறிவிட்டுப் போனால், பவானியில் கோயில் நடை சாத்தும் நேரமாகிவிடும். 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை அது. அவசரமாக ஏறி இறங்குகிற இடமில்லை. அப்பாவும் மகனும் தனியாகப் போய் நிதானமாகப் பார்க்கட்டும்.

ஆடி 18-ம் வேண்டாம். அன்று படித்துறையில் நிற்க இடம் கிடைப்பதே பெரும்பாடு, முழங்கால் வலி உள்ளவரைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. அமாவாசையிலும் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டம் அதிகம். ஆடிக்குள்ளேயே போக வேண்டுமென்றால் செவ்வாய், வெள்ளி அல்லாத ஒரு வேலை நாளாகப் பாருங்கள். மேட்டூரில் உபரி நீர் திறந்தால் கூடுதுறையில் குளிக்கத் தடை போடுவார்கள். அதனால் முந்தின நாள் செய்தி பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

மாமியாருக்காகக் கார்தான் நல்லது. சுமார் 60 கி.மீ.; வைகுந்தம் சுங்கச்சாவடி தாண்டி, சங்ககிரி, குமாரபாளையம் வழியாக ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். பஸ் என்றால், பவானி ஊருக்குள் போகுமா என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கோவை பஸ்கள் பல பைபாஸில் லட்சுமி நகரிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும்.

காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். காவிரியும் பவானியும் சேருமிடத்தில் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் கலப்பதாக நம்பிக்கை. படிகளில் பாசி வழுக்கும். மாமியாரை மேல் படியிலேயே உட்காரவைத்துச் சொம்பில் மொண்டு ஊற்றுங்கள், அதுவும் தீர்த்தமாடல்தான். பிறகு சங்கமேஸ்வரர் கோயில். திருஞானசம்பந்தர் 'திருநணா' என்று பாடிய தலம் இதுதான். வேதநாயகி அம்மன் சன்னதியில் தந்தக் கட்டிலைப் பற்றி விசாரியுங்கள். 1804-ல் கலெக்டர் வில்லியம் காரோ கொடுத்த காணிக்கை அது. பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்தவரை அம்மன் சிறுமி வடிவில் வந்து வெளியே அழைத்தாள், அவர் வந்ததும் கூரை இடிந்து விழுந்தது என்பார்கள். உள்ளே வர முடியாத அவர் அம்மனைத் தரிசிக்க மதிலில் போட்ட மூன்று துளைகளைப் பையனிடம் கட்டாயம் காட்டுங்கள்.

அப்புறம் ஜமக்காளம். 2005-06-லேயே புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஆனால் விசைத்தறியில் ஓட்டியதையும் பவானி என்று சொல்லி விற்கிறார்கள், அதனால் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கக் கடையிலேயே வாங்குங்கள். கையில் பிடித்தால் கனமாக, முரட்டுப் பருத்தியாக இருக்க வேண்டும். அகல ஜமக்காளத்தை ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டு நெய்வார்கள். தறி ஓடுவதைப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். அந்த உழைப்பைப் பார்த்த பிறகு பேரம் பேச மனசு வராது.

கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு, ஈரோடு போகும் பாதையில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குப் போய் வாருங்கள். கோட்டை தள்ளிப்போன வருத்தம் பையனுக்கு இங்கே கொஞ்சம் குறையும். 13-ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றின் குறுக்கே கட்டியது. இங்கிருந்து கிளம்பும் வாய்க்கால் சுமார் 90 கி.மீ. வளைந்து வளைந்து ஓடி, இன்றும் மஞ்சள், நெல் வயல்களுக்குப் பாய்கிறது. மாமியார் காரிலேயே இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு வரலாம். மூன்று மணிக்குப் புறப்பட்டால் விளக்கு வைப்பதற்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிடுவீர்கள்.