கோடை விருந்துக்கு டூனா பாஸ்தா சாலட்: மறுநாள் உலர்ந்துபோகாமல் இருக்க

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: “ஜூலை 4 விடுமுறையன்று பூங்காவில் பல குடும்பங்கள் சேர்ந்து சாப்பிடுகிறோம். என் பங்குக்கு மயோனைஸ் கலந்த டூனா பாஸ்தா சாலட் கொண்டுபோக விரும்புகிறேன். முதல் நாள் இரவே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், காலையில் அது வறண்டு கட்டியாகி, எண்ணெய் மட்டும் மேலே மினுங்குகிறது. இன்னும் கொஞ்சம் மயோனைஸ் சேர்த்தால் திகட்டுகிறது. வெயிலில் மயோனைஸ் கெட்டுவிடும் என்றும் பயமாக இருக்கிறது. அதற்குப் பதில் தயிர் சேர்க்கலாமா?”

சாலட் வறண்டுபோவதற்கு மயோனைஸ் குறைவது காரணமன்று. அதிலுள்ள நீர் பாஸ்தாவுக்குள் போய்விடுவதே காரணம். அமெரிக்க உணவுச் சட்டப்படி மயோனைஸ் என்ற பெயரில் விற்கப்படுவதில் எடைக்கணக்கில் குறைந்தது 65 சதவீதம் தாவர எண்ணெய் இருக்க வேண்டும். அந்த எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகப் பிரிந்து, வினிகர், முட்டை மஞ்சள்கரு ஆகியவற்றின் நீர்ப்பகுதியில் மிதந்துகொண்டிருப்பதால்தான் நமக்கு அந்த வழவழப்புக் கிடைக்கிறது. வெந்த பாஸ்தா குளிர்சாதனப் பெட்டிக்குள் போன பிறகும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஆனால் எண்ணெயை உறிஞ்சாது. இரவு முழுவதும் நீர்ப்பகுதி குறையக் குறைய எண்ணெய் மட்டும் பாஸ்தாவின் மேல் தங்குகிறது. எனவே காலையில் மேலும் மயோனைஸ் சேர்ப்பது, நீர் இழந்த உணவுக்கு எண்ணெயைக் கொடுப்பதாகிறது. நீங்கள் சொல்லும் திகட்டல் அங்கிருந்துதான் வருகிறது. பாஸ்தாவுக்குத் தேவையான ஈரத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவதும், எஞ்சிய குறையைக் காலையில் பாலாலோ புளிப்பான நீராலோ நிரப்புவதும்தான் இதற்குச் சரியான வழி.

ஒரு பெட்டி பாஸ்தா, அதாவது 454 கிராம், பக்க உணவாகப் பரிமாறினால் ஏறத்தாழ பத்துப் பேருக்குப் போதும். வளைந்த மக்ரோனியைவிடச் சிறிய சிப்பி வடிவப் பாஸ்தாவையே நான் பரிந்துரைப்பேன்; ஒவ்வொரு சிப்பியின் குழிவிலும் மீன் துணுக்கும் கலவையும் தங்குவதால், கடைசிக் கரண்டி வரை எல்லாம் சேர்ந்தே வாய்க்கு வரும். நான்கரை லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, லிட்டருக்குப் பத்துக் கிராம் என்ற கணக்கில் சுமார் இரண்டரை மேசைக்கரண்டி தூள் உப்பைப் போடுங்கள். இந்த உப்பைக் குறைக்க வேண்டாம். பாஸ்தாவின் உட்புறம் சுவை பெறுவது வேகும்போதுதான், பிறகு வெளியே எவ்வளவு உப்புச் சேர்த்தாலும் அது உள்ளே அவ்வாறு ஏறாது.

சூடான சாஸுடன் உண்ணும் பாஸ்தாவை நடுவில் சற்று உறுதி இருக்கும்போதே இறக்க வேண்டும் என்பது சரியான பாடமே, ஆனால் குளிர்ந்த சாலடுக்கு அது பொருந்தாது. வெந்து குழைந்த மாவுச்சத்து குளிரும்போது மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகிறது. முந்தைய நாள் சோறு குளிர்சாதனப் பெட்டியில் விறைத்துப்போவதும் இதே காரணத்தால்தான். ஆகவே பெட்டியில் அச்சிட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒன்று அல்லது இரண்டு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். ஒரு சிப்பியைக் கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைக் கோடு தெரியக்கூடாது, அதே சமயம் விரல்களுக்கிடையில் நசுங்கிக் கூழாகவும் கூடாது. வடித்தவுடன் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசினால் வேகும் செயல் நிற்பதுடன், ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் மேற்பரப்பு மாவும் போய்விடும். கை பொறுக்கும் இளஞ்சூடு வந்ததும் அலசுவதை நிறுத்திவிடுங்கள். முற்றிலும் ஆறவிட வேண்டாம்.

அந்த இளஞ்சூடு இருக்கும்போதே, வெள்ளரி ஊறுகாய்ப் புட்டியில் உள்ள புளிப்பு நீர் இரண்டு மேசைக்கரண்டியும் எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டியும் பாஸ்தாவின் மேல் ஊற்றிக் கிளறுங்கள். சில நிமிடங்களில் அது உள்ளே இறங்கிவிடும். பாஸ்தா தாகத்தின் ஒரு பகுதியை இங்கேயே தீர்த்துக்கொள்கிறது, கூடவே உட்புறமும் புளிப்பும் உப்பும் பெறுகிறது. ஒட்டாமல் இருப்பதற்காக எண்ணெய் தடவும் வழக்கம் பலரிடம் உண்டு. இந்தச் சாலடில் அது தேவையில்லை, தடவினால் மயோனைஸ் கலவை வழுக்கிக் கீழே போய்த் தங்கும். பிறகு பாஸ்தாவை அகன்ற தட்டில் மெல்லியதாகப் பரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முழுவதுமாகக் குளிரவிடுங்கள். சூடான பாஸ்தாவில் மயோனைஸைக் கலந்தால் கலவை உடைந்து எண்ணெய் பிரிந்துவிடும், பிறகு அதை மீட்க முடியாது.

தயிர் பற்றிய கேள்விக்கு, பாதி அளவு வரை தாராளமாகச் சேர்க்கலாம் என்பதே என் பதில். மயோனைஸ் ஒன்றேகால் கோப்பை, நீர் வடித்த கெட்டித் தயிர் அல்லது புளிப்புக் கிரீம் அரைக் கோப்பை, எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, டிஜோன் கடுகு விழுது ஒரு மேசைக்கரண்டி, பால் மூன்று மேசைக்கரண்டி, எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியைச் சீவியது, புதிதாகப் பொடித்த மிளகு ஆகியவற்றைச் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். தயிர் திகட்டலைக் குறைப்பதோடு, மயோனைஸில் இல்லாத அளவு ஈரத்தையும் கொண்டுவருகிறது. தயிரை மட்டுமே பயன்படுத்தினால் புளிப்பு மேலோங்கி, சில மணி நேரத்தில் நீரும் கசியும். கடையில் கிரேக்கத் தயிர் வாங்கினால் போதும். வீட்டுத் தயிர் என்றால் மெல்லிய துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே சில மணி நேரம் வடியவிடுங்கள். மயோனைஸ் வாங்கும்போது புட்டியின் பெயரையும் கவனிப்பது நல்லது. 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அறிமுகமான மிராக்கிள் விப் அதே அலமாரியில்தான் இருக்கும், ஆனால் அதில் எண்ணெய் குறைவு, இனிப்பு அதிகம். அது பிடித்தவர்கள் சேர்க்கலாம், ஆனால் இங்கே சொன்ன அளவுகள் மயோனைஸுக்கானவை.

மீனுக்கு வருவோம். அமெரிக்காவில் டப்பா டூனா 1903-இல் கலிபோர்னியாவின் சான் பெட்ரோவில் தொடங்கியது. அங்கே அப்போது அடைக்கப்பட்டது அல்பகோர் வகை. இன்றும் ‘வெள்ளை டூனா’ என்று அச்சிடப்பட்டிருந்தால் அது அல்பகோர் மட்டுமே. ‘லைட்’ என்பது பெரும்பாலும் ஸ்கிப்ஜாக். அல்பகோர் பெரிய துண்டுகளாகவும் சற்று வறண்டும் இருக்கும், ஸ்கிப்ஜாக் மென்மையாக உதிரும், மீன் மணமும் கூடுதல். கலவையோடு ஒன்றிப்போக வேண்டிய இந்தச் சாலடுக்கு, நீரில் அடைத்த ஸ்கிப்ஜாக்கே ஏற்றது. விருந்துக்குக் கர்ப்பிணிகளோ சிறு குழந்தைகளோ வருவார்களானால் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அல்பகோரில் பாதரசம் கூடுதல் என்பதால், கர்ப்பிணிகள் அதை வாரத்துக்கு ஒருவேளையோடு, ஏறத்தாழ 113 கிராமோடு, நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. ஸ்கிப்ஜாக் வாரத்துக்கு இரண்டு மூன்று வேளை உண்ணத்தக்க வகையில் சேர்க்கப்பட்டுள்ளது.

142 கிராம் டப்பா நான்கு தேவைப்படும். மூடியால் அழுத்தி வடித்தால் மட்டும் போதாது. வடிகட்டியில் போட்டு, கரண்டியின் முதுகால் அழுத்தி நீரை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஈரம் வேண்டும் என்று இவ்வளவு சொல்லிவிட்டு இங்கே ஏன் பிழியச் சொல்கிறேன் என்றால், மீனின் நீர் கலவையைத் தளர்த்துவதோடு அதன் நாற்றத்தையும் சாலட் முழுவதும் பரப்பிவிடும்.

காய்களில் இன்றியமையாதது செலரி. மூன்று தண்டுகளைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தால், மென்மையான உணவில் பல்லுக்குச் சற்று வேலை கிடைக்கும். ஊதா வெங்காயம் பாதியை நறுக்கிப் பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டு வடித்தால் காரமான நெடி தணியும். இல்லாவிட்டால் இரவு முழுவதும் அந்த நெடி வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும். உறைந்த பச்சைப் பட்டாணி ஒரு கோப்பையைப் பாஸ்தா வேகும் கடைசி ஒரு நிமிடத்தில் அதே பாத்திரத்தில் போட்டுவிடலாம். பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய், சோயிக்கீரை அல்லது பார்ஸ்லி ஆகியவை உங்கள் விருப்பம். தக்காளியையும் பச்சை வெள்ளரியையும் முதல் நாளே சேர்க்காதீர்கள், உப்புப் பட்டவுடன் அவை நீர் விட்டுக் கலவையைக் கெடுக்கும்.

பாஸ்தா குளிர்ந்த பிறகு முக்கால் பங்கு கலவையை மட்டும் சேர்த்து, காய்களோடு கிளறி, மீனைக் கடைசியில் போட்டு மெதுவாகப் புரட்டுங்கள். கால் பங்கைத் தனிக் கிண்ணத்தில் மூடி வையுங்கள். காலையில், புறப்படும் முன், சாலடில் முதலில் இரண்டு மேசைக்கரண்டி பால் ஊற்றிக் கிளறிப் பார்த்தால், இறுகியிருந்தது பெரும்பாலும் நெகிழ்ந்துவிடும். அதன் பிறகே எஞ்சிய கலவையைச் சேருங்கள். குளிர்ந்த உணவில் உப்பும் புளிப்பும் மங்கித் தெரியும் என்பதால், இரவில் சரியாக இருந்தது காலையில் சப்பென்று இருக்கும். இறுதியாக உப்பு, மிளகு, எலுமிச்சை ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டியது அப்போதுதான்.

வெயிலைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானதே, ஆனால் குற்றவாளி மயோனைஸ் அன்று. கடையில் வாங்கும் மயோனைஸில் முட்டை பாஸ்டர் முறையில் சூடாக்கப்பட்டிருக்கும், வினிகரின் அமிலமும் கிருமிகள் பெருகுவதைத் தடுக்கும். (வீட்டில் பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை; வெளியில் நடக்கும் விருந்துக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.) ஆபத்து பாஸ்தாவிலும் மீனிலும் இருக்கிறது. பேசில்லஸ் செரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்து, வெந்த மாவுப்பொருள் வெதுவெதுப்பில் கிடக்கும்போது முளைத்துப் பெருகும். பாஸ்தாவைப் பரப்பி விரைவாகக் குளிரவைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கைகளிலிருந்து பரவும் ஸ்டஃபிலோகாக்கஸ் உண்டாக்கும் நஞ்சோ மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மூடிய டப்பாவுக்குள் டூனா பாதுகாப்பாகவே இருக்கிறது; திறந்து, பிசைந்து, கரண்டி கை மாறும்போதுதான் கிருமி சேர்கிறது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது நேரமும் குளிரும்தான். இத்தகைய உணவு 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்றும், வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும் என்றும் அமெரிக்க வேளாண்துறை வகுத்திருக்கிறது. ஜூலை மாத டெக்சாஸில் உங்களுக்குப் பொருந்துவது அந்த ஒரு மணி நேரம்தான். சாலடை இரண்டு மூன்று ஆழமற்ற பாத்திரங்களில் பிரித்து, அடியிலும் மேலும் பனிக்கட்டிப் பைகளோடு ஐஸ் பெட்டியில் அடுக்குங்கள். பானங்களுக்குத் தனிப் பெட்டி வையுங்கள், ஏனெனில் பிள்ளைகள் அதைத் திறந்துகொண்டே இருப்பார்கள். பெட்டியைக் காரின் பின்பகுதியில் வைக்காமல், குளிரூட்டிய உள்பகுதியிலேயே வைத்து எடுத்துப்போங்கள். பரிமாறும்போது ஒரு பாத்திரத்தை மட்டும் வெளியே எடுத்து, பனிக்கட்டி நிரப்பிய அகன்ற தட்டின் மேல் நிழலில் வையுங்கள். அது தீர்ந்த பிறகு அடுத்ததை எடுங்கள். பாதி காலியான பாத்திரத்தில் புதியதைக் கொட்ட வேண்டாம்.

மேசையில் ஒரு மணி நேரம் கடந்துவிட்டால், பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாக இருந்தாலும் மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிடுங்கள். ஐஸ் பெட்டியிலேயே சில்லென்று இருந்தது வீடு திரும்பிய பின்னும் உதவும். செய்த இரவிலிருந்து கணக்கிட்டு மூன்று அல்லது நான்கு நாட்களுக்குள் அதைச் சாப்பிட்டு முடிக்கலாம். உறைநிலைப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்: உருகும்போது மயோனைஸ் உடைந்து எண்ணெயும் நீரும் தனித்தனியே பிரிந்துவிடும்.