ப்ரூஃப் அக்கா பதில்கள்: காதலும் டிராகனும் படித்த மாதம்

போன இதழில், "கனமான புத்தகம் எதுவும் உள்ளே இறங்கவில்லை, ஒரு மாதமாகக் காதல் கதையும் மாயக் கதையும்தான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

ப்ரூஃப் பார்ப்பதே தொழில் என்கிறீர்கள். உங்களுக்கே படிப்பு ஓடாமல் போகுமா அக்கா?
– வாசகி, தென்காசி

அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிற எங்களுக்குத்தான் முதலில் ஓடாமல் போகும். கதைக்குள் போய்விட்டால் பிழை தப்பிவிடும். ஆகவே கதைக்குள் போகாமலேயே பக்கத்தைக் கடக்கக் கண்ணைப் பழக்கி வைத்திருக்கிறோம். சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு முந்தைய வாரங்களில் எல்லாப் பதிப்பகங்களுக்கும் ஒரே நேரத்தில் அவசரம் வரும். ஒற்று மிகுமா மிகாதா என்பதைத் தவிர மண்டையில் எதுவும் நிற்காது. கண்காட்சி முடிந்ததும் எல்லாரும் பாராட்டிய நாவல் ஒன்றை ஆசையாக எடுத்தேன். முதல் பக்கத்திலேயே 'செய்துக்கொண்டு' என்று இருந்தது. பென்சிலால் க்-ஐ அடித்தேன். அதோடு சரி, அந்தப் புத்தகத்தில் பிழையைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு வீட்டில் கிடந்த பழைய மாத நாவல் ஒன்றைப் புரட்டினேன். அதில் பிழைக்குப் பஞ்சமே இல்லை. நாயகியின் பெயரே ஓரிடத்தில் மாறிவிட்டிருந்தது. ஆனால் அவன் பஸ் நிறுத்தத்தில் நனைந்தபடி நிற்கிறான், இவள் குடைக்குள் கூப்பிடுவாளா மாட்டாளா என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். திருப்பிய பிறகுதான் பெயர் மாறியது உறைத்தது. பென்சில் எங்கே வைத்தேன் என்றுகூடத் தேடவில்லை. சரி, மருந்து கிடைத்துவிட்டது என்று அந்த வழியிலேயே போனேன்.

காதல் நாவலில் கடைசியில் சேரப்போகிறார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரியும். தெரிந்ததை எதற்கு முந்நூறு பக்கம் படிக்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

தெரிந்ததால்தான் படிக்க முடிகிறது. மனம் சோர்ந்திருக்கும்போது, நடுவில் யாராவது செத்துப்போவார்களோ, ஆசிரியர் நம்மை நட்டாற்றில் விட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டே படிக்கத் தெம்பு இருக்காது. காதல் நாவல் முதலிலேயே கையடித்துக் கொடுத்துவிடுகிறது: இவர்கள் சேருவார்கள். 'என்ன ஆகும்' என்ற கவலை போனதும், 'எப்படி' என்பதை நிதானமாகப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்'. அவர் இறந்த 1817-ஆம் வருடம் டிசம்பரில் வெளிவந்தது. கதாநாயகி ஆன் எலியட்டுக்கு வயது 27. அந்தக் காலத்துக்கு அது 'இனி எங்கே' என்று உறவுகள் கைவிட்ட வயது. எட்டு வருடம் முன்பு, கையில் காசில்லாத கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்துக்கு நிச்சயமாகியிருந்தாள். தாயின் இடத்தில் இருந்த பெரிய மனுஷி ஒருத்தி பேசிப் பேசி அதைக் கலைத்துவிட்டாள். இப்போது அவன் கப்பல் தலைவனாக, பணக்காரனாகத் திரும்பி வருகிறான்; இவளைக் கண்டுகொள்ளாதது போல இருக்கிறான். சேருவார்களா? சேருவார்கள். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் சேரும் இடத்தைப் பாருங்கள். பாத் நகரத்தில் ஒரு விடுதி அறை. வென்ட்வொர்த் மேசையில் உட்கார்ந்து நண்பனுக்காக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். சற்றுத் தள்ளி ஜன்னலோரம் ஆனும் அந்த நண்பன் ஹார்வில்லும் பேசுகிறார்கள்: பிரிந்தபின் அதிக நாள் மறக்காமல் இருப்பது ஆணா, பெண்ணா? புத்தகமெல்லாம் பெண்ணின் சபல புத்தியைத்தானே சொல்கிறது என்கிறார் ஹார்வில். பேனா இத்தனை நாள் ஆண்கள் கையில் இருந்தது, புத்தகத்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள் என்கிறாள் ஆன். நடுவில் மேசைப் பக்கம் மெல்ல ஒரு சத்தம். வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுந்திருக்கிறது. அவ்வளவு நேரமும் அவன் காது இங்கேதான்! எழுதி முடித்து அவசரமாக வெளியே போகிறவன், கையுறையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வருகிறான். சிதறிக் கிடக்கும் தாள்களுக்கு அடியிலிருந்து இன்னொரு கடிதத்தை உருவி அவள் முன்னால் வைத்துவிட்டு, கண்ணால் ஒரு கெஞ்சல், உடனே வெளியே. உறைமேல் அவள் பெயரின் முதலெழுத்துகள், அதுவும் கிறுக்கலாக. நான் ப்ரூஃப் பார்க்கும் கையெழுத்துப் பிரதிகளில் அப்படியொரு கிறுக்கல் வந்தால் திட்டுவேன். இதற்குத் திட்டத் தோன்றவில்லை.

இதில் இன்னொரு சுவாரசியம். ஆஸ்டின் முதலில் எழுதிய முடிவு இதுவல்ல. 1816 ஜூலையில் 'முற்றும்' போட்டுவிட்டார். அந்த வடிவில் வென்ட்வொர்த்தின் அக்கா கணவர் அட்மிரல் கிராஃப்ட் வீட்டில் இருவரும் ஒரே அறையில் மாட்டிக்கொள்கிறார்கள், பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். அவருக்கே திருப்தியில்லை. சில வாரத்துக்குள் அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதினார். நீக்கப்பட்ட பக்கங்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இரண்டு வடிவத்திலும் சேரத்தான் சேருகிறார்கள். ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றை ஏன் எழுதினார் என்பதில்தான் ஈரோட்டுக்காரரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

ஹாஸ்டலில் எல்லோரும் ரொமான்டஸி படிக்கிறோம். 'ஃபோர்த் விங்' படித்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, கோவை

படித்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: காதலையும் மாய உலகத்தையும் சம அளவில் கலந்த நாவல்களுக்கு இப்போது ரொமான்டஸி என்று பெயர். ரெபெக்கா யாரோஸ் எழுதிய 'ஃபோர்த் விங்' 2023-இல் வந்தது. வயலட் என்ற பெண் ஏடு காக்கும் எழுத்தராகப் படிக்க ஆசைப்படுகிறாள். படைத்தலைவியான அம்மா அவளை டிராகன் வீரர்கள் பிரிவில் தள்ளிவிடுகிறாள். முதல் நாளே பாதாளத்துக்கு மேலே குறுகலான ஒரு கல்பாலத்தை நடந்து கடக்க வேண்டும். கால் தவறினால் சாவு. வயலட் பயத்தை அடக்க, படித்த வரலாற்றுத் தகவல்களை வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டே நடக்கிறாள். அந்த ஓர் இடத்துக்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. பல் பிடுங்கும் நாற்காலியில் படுத்துக்கொண்டு வல்லினம் மிகும் இடங்களை ஒப்பித்தவள் நான்.

நடையைக் கேட்டால், அவசர அவசரமாக ஓடும் நடை. உலகத்தின் விதிகளைப் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்துவது போலச் சொல்லிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கறுப்பு உடை நாயகன் புருவத்தை உயர்த்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு ரூபாய் போட்டிருந்தால் உண்டியல் நிறைந்திருக்கும். ஆனால் டிராகன்கள் அருமை. டேர்ன் என்ற அந்தக் கிழட்டு டிராகன் சிடுசிடுவென்று பேசும்போதெல்லாம் சிரித்தேன். வளர்ந்தவர்களுக்கான காட்சிகள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றாம் பாகம் 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 ஜனவரியில் வந்தபோது முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் விற்றது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகமே தொடுவதில்லை' என்று மேடையில் பேசுபவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மாய மந்திரக் கதையெல்லாம் சிறுவர் சமாச்சாரம் இல்லையா? இந்த வயதிலா?
– வாசகர், சிதம்பரம்

எந்த வயதில் என்று கேட்டுவிட்டீர்கள். 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலுமாகத் தொடங்கிய 'அம்புலிமாமா' எங்கள் வீட்டுக்கு வந்த நாளில், நான் கையில் எடுப்பதற்கு முன் தாத்தா படித்து முடித்திருப்பார். வேதாளம் கதை சொல்லி முடித்து, பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டும். விக்கிரமன் பதில் சொல்வான். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். ஒரு கதை, ஒரு கேள்வி, ஒரு பதில். படிப்பு ஓடாத நேரத்துக்கு இதைவிடச் சரியான அளவு கிடையாது. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தில் தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் ராஜா சிறுவர்களுக்கு மட்டுமா நடந்தார்?

நீங்கள் பயப்படாமல் தொடங்க ஒரு புத்தகம் சொல்கிறேன். டயானா வின் ஜோன்ஸ் 1986-இல் எழுதிய 'ஹௌல்ஸ் மூவிங் காசில்'. ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 2004-இல் அனிமேஷன் படமாக எடுத்தார். படம் வேறு, புத்தகம் வேறு. நம் கதைகளில் ஏழு ராஜகுமாரர்கள் புறப்பட்டால் மூத்தவர்கள் எல்லாம் வழியில் கோட்டைவிட்டு, கடைக்குட்டிதான் ஜெயிப்பான் இல்லையா? அங்கேயும் அதே வழக்கம். இந்தக் கதையின் சோஃபியோ மூத்தவள். நமக்கு எதுவும் நடக்காது என்று முதலிலேயே முடிவுகட்டி, தொப்பிக் கடையில் தைத்துக்கொண்டு கிடக்கிறாள். பேச ஆளில்லாமல் தொப்பிகளிடம் பேசுகிறாள். ஒன்றிடம், உனக்குத் தங்கமான மனசு, பெரிய இடத்து மனிதர் ஒருவர் உன்னைப் பார்த்து மயங்கப்போகிறார் என்கிறாள். அந்தத் தொப்பியை வாங்கிப் போனவளுக்கு அப்படியே நடக்கிறது. தன் வாயில் மந்திரம் இருப்பது சோஃபிக்கு மட்டும் தெரியாது.

பிறகு ஒரு சூனியக்காரி அவளைக் கிழவியாக்கிவிடுகிறாள். அலறுவாள் என்றுதானே நினைப்போம்? கண்ணாடியைப் பார்த்து, கவலைப்படாதே, ஆரோக்கியமாகத்தான் இருக்கிறாய், உனக்கு இதுதான் பொருத்தம் என்று தன்னையே தேற்றிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். இளமையில் வராத வாய்த்துடுக்கு, அதிகாரம், துணிச்சல் எல்லாம் முதுகு வளைந்ததும் வருகிறது. பெண் பிள்ளைகள் பயந்து ஒதுங்கும் மந்திரவாதி ஹௌலின் வீட்டில் புகுந்து ஒட்டடை அடித்து, அவனையே அதட்டுகிறாள். இதை 20 வயதில் படித்தால் வேடிக்கை. எனக்கும் உங்களுக்கும் இதில் வேறு சில விஷயங்களும் பிடிபடும், சிதம்பரம் சார்.

வாங்கிய புத்தகங்கள் அடுக்கி வைத்தபடி கிடக்கின்றன. பார்க்கும்போதே குற்ற உணர்வு. எங்கே தொடங்குவது?
– ஆசிரியை, புதுக்கோட்டை

அந்த அடுக்கை முதலில் கண்ணில் படாத அலமாரிக்கு மாற்றுங்கள். காதல் கதையில் தொடங்குங்கள், மாயக் கதைக்குப் பிறகு போங்கள். இந்த வரிசை முக்கியம். காதல் கதை பக்கத்தைத் திருப்ப வைக்கும். அவ்வளவுதான் முதல் வாரத்தின் தேவை. மாயக் கதை வேகத்தைக் குறைக்கும். புது ஊர், புது விதி, யார் யாரிடம் என்ன கேட்கலாம் என்பதே புதிது. ஒவ்வொரு வரியையும் கவனித்தால்தான் கதை புரியும். உர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' 1968-இல் வந்த சின்ன நாவல். செருக்கில் ஒரு நிழலை அவிழ்த்துவிட்ட இளைஞன் முதலில் அதற்குப் பயந்து தீவு தீவாக ஓடுகிறான், பிறகு திரும்பி அதைத் துரத்துகிறான். ஒரு வாக்கியத்தைக்கூடத் தாண்டிப்போக முடியாது. அதை முடித்த பிறகு, கண்காட்சி முடிந்ததும் எடுத்துப் பாதியில் விட்ட, எல்லாரும் பாராட்டிய அந்த நாவலை எடுத்தேன். பிழைகள் அப்படியேதான் இருந்தன. கதையும் தெரிந்தது.

காதல் நாவல் படித்தால் வீட்டில் கேலி செய்கிறார்கள்.
– வாசகி, சேலம்

கிரிக்கெட்டின் ஹைலைட்ஸை, முடிவு தெரிந்த பிறகும் யார் மறுபடி பார்க்கிறார்கள் என்று கவனித்து வையுங்கள். இன்னொன்று: குடும்பக் கதை எழுதியே பெண் வாசகர்களைக் கட்டிப்போட்ட லக்ஷ்மி ஒரு டாக்டர், 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். ஆனால் கேலியில் ஒரு பங்கு நியாயமும் உண்டு. கையைப் பிடித்து முறுக்குவதைக் காதல் என்று சொல்லும் மாத நாவல்கள் இன்னமும் வருகின்றன. அப்படி வந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுங்கள், வெங்காயத்துக்காவது ஆகும்.

ஆடியோவில் கேட்டால் படித்த கணக்கில் வருமா?
– வாசகர், திருச்சி

வரும். ப்ரூஃப் கணக்கில் மட்டும் வராது.

இவ்வளவு படித்தும் பாதியில் விட்டது எது?
– வாசகர், மதுரை

டோல்கீன். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகத்தில் எல்ராண்ட் என்பவர் வீட்டில் பலரும் கூடி, ஆபத்தான மாய மோதிரத்தை என்ன செய்வதென்று பேசுகிறார்கள், பேசுகிறார்கள், எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் போலப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தாளை வைத்துவிட்டு வந்தேன். ரசிகர்கள் கடிதம் போட வேண்டாம், திரும்பப் போவேன்.

எனக்குப் பிடித்த பெண்ணுக்குப் பரிசாக ஒரு காதல் நாவல் சொல்லுங்கள் அக்கா.
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

முதலில் அவர் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள் தம்பி. பேச்சைத் தொடங்க அது போதும். 'பெர்சுவேஷன்' கொடுக்கலாம், ஆனால் எட்டு வருடம் காத்திருக்கச் சொல்கிறாரோ என்று அவர் நினைக்க வாய்ப்புண்டு. டிராகன் கதைதான் என்றால் வெளிவந்த மூன்று பாகங்களையும் சேர்த்து வாங்குங்கள். முதல் பாகம் முடிகிற இடத்தில் கையில் அடுத்தது இல்லையென்றால், கோபம் ஆசிரியர் மேல் போகாது, உங்கள் மேல்தான் வரும்.