வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மும்பை வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) ரயில் நிலையம் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் நகல் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், மாட்டுங்கா

பதில்: சாயல் உண்டு, நகல் இல்லை. வி.டி.யை (பெயர் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் நம்மவர் வாயில் அது வி.டி.தான்) வடிவமைத்த ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ், அன்றைய பிரிட்டனில் கோலோச்சிய, கூர்வளைவுகள் நிறைந்த கோதிக் பாணியையே கையாண்டார் என்றாலும், 1878-இல் தொடங்கிய அந்தக் கட்டடத்தின் நடுவே அவர் எழுப்பிய குவிமாடத்துக்குச் செயின்ட் பாங்க்ராஸில் இணை கிடையாது. மேலும் வி.டி.யின் முகப்பில் இருப்பது ரயில்வே தலைமை அலுவலகம். செயின்ட் பாங்க்ராஸின் முகப்பில் இருப்பதோ, ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்து 1873-இல் திறக்கப்பட்ட ஓட்டல்.

படம் எடுப்பவர்கள் எல்லோரும் அந்த ஓட்டலைத்தான் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது அதன் பின்னால் பொறியாளர் வில்லியம் ஹென்றி பார்லோ 1868-இல் முடித்த இரும்புக் கூரையைத்தான். வடக்கிலிருந்து வரும் தண்டவாளங்கள் ரீஜன்ட்ஸ் கால்வாயைப் பாலத்தின் மேல் கடந்து வந்ததால், நிலையத்தின் தளம் தெருவைவிட ஏறத்தாழ 6 மீட்டர் உயர்ந்துவிட்டது. அடியில் மண்ணைக் கொட்டி நிரப்பாமல், பர்ட்டன் நகரிலிருந்து வரும் பீர் பீப்பாய்களை அடுக்கும் கிடங்காக அந்த இடத்தை மாற்றிய பார்லோ, பீப்பாயின் அளவை வைத்தே இரும்புத் தூண்களுக்கு இடைவெளி வகுத்தார். கூரையைத் தாங்கத் தனித் தூண்களை நட்டால் இந்தக் கணக்கு குலைந்துவிடும் என்பதால், சுமார் 73 மீட்டர் அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டச் செய்து, வளைவின் இரு கால்களும் விலகிவிடாதபடி தளத்தின் இரும்பு உத்தரங்களாலேயே இழுத்துக் கட்டினார். அந்நாளில் உலகிலேயே அகலமான ஒற்றை வளைவுக் கூரை அதுதான்.

அந்தக் கூரை வடிவமைப்பில் பார்லோவுக்குத் துணை நின்ற ரோலண்ட் மேசன் ஆர்டிஷ்தான் நம் மும்பை காலா கோடாவிலுள்ள முன்னாள் வாட்சன் ஓட்டலையும் வடிவமைத்தார். இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. ஸ்காட்டோ, மும்பைக்கு வராமலேயே இங்குள்ள ராஜாபாய் மணிக்கூண்டுக் கோபுரத்துக்கு வரைபடம் தந்தவர். ஆகவே நண்பரோடு மும்பை–லண்டன் உறவைப் பற்றி வாதாட விரும்பினால், வி.டி.யை விட்டுவிட்டு இந்த இரண்டையும் முன்வையுங்கள்.

கேள்வி: இக்கட்டடங்களில் இலையும் பறவையும் செதுக்கும் வழக்கம் இந்தியச் சிற்பிகள் சேர்த்ததுதானே?
– வாசகி, செம்பூர்

பதில்: வி.டி.யின் சிற்ப வேலைகளில் பம்பாய் கலைப்பள்ளி மாணவர்களின் கை உண்டு. ஆனால் வழக்கம் அதற்கும் மூத்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கட்டடக் கலைஞர்கள் டீன், வுட்வர்ட் ஆகியோர் 1857-இல் முடித்த அருங்காட்சியகக் கட்டடத்தில் சிற்பிகளான ஓஷே சகோதரர்கள் செதுக்கிய செடிகொடிகளையும் உயிரினங்களையும் காணலாம். அடுத்து ஆக்ஸ்ஃபோர்ட் அருங்காட்சியகத்துக்குச் சென்ற அவர்கள், தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த செடிகளை எதிரில் வைத்துப் பார்த்தே தூண் தலைகளைச் செதுக்கினார்கள்.