சித்த மருத்துவர் பதில்கள்: சொட்டு மருந்துதானே என்று...

கேள்வி: அம்மாவுக்கு வயது 63. சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தூக்கம் வருவதில்லை என்றதும் அமெரிக்காவில் இருக்கும் தங்கை ‘அஸ்வகந்தா டிங்சர்’ ஒரு புட்டி அனுப்பிவிட்டாள். தினம் மூன்று வேளை, 2 மில்லி என்று போட்டிருக்கிறது. ஆல்கஹால் இருக்கிறது என்று அம்மா தொடவே மாட்டேன் என்கிறார். ஆனால் ஊர் வைத்தியர் ஒருவர் தரும் பெயர் தெரியாத சூரணத்தை மட்டும் நம்பிச் சாப்பிடுகிறார். என்ன மருந்து என்று கேட்டால், பரம்பரை ரகசியம் என்கிறாராம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா?
வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: அம்மா தொடாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் அவர் சொல்லும் காரணம் வேறு, என் காரணம் வேறு.

டிங்சர் என்றாலே பள்ளிக்கூடத்தில் முழங்கால் சிராய்ப்பில் தடவிய அந்த எரிச்சல்தான் எனக்கு ஞாபகம் வரும். இது குடிக்கிற டிங்சர். மூலிகையைத் தண்ணீர் கலந்த ஆல்கஹாலில் சில வாரம் ஊறவைத்து வடித்தெடுப்பது. புட்டியில் 1:5 என்று போட்டிருந்தால், ஒரு கிராம் வேருக்கு 5 மில்லி திரவம் என்று அர்த்தம். நாளைக்கு 6 மில்லி குடித்தால் சுமார் 1.2 கிராம் வேரின் சத்து உள்ளே போகிறது. அந்த 6 மில்லியில் பாதி ஆல்கஹால் என்று வைத்தாலும் 3 மில்லிதான்.

உங்களைப் பெற்ற பிறகு அம்மா தசமூலாரிஷ்டம் குடித்தாரா என்று கேட்டுப் பாருங்கள். அரிஷ்டம் புளித்து வருவது. ஆல்கஹால் அதில் தானாகவே உண்டாகும், லேபிளிலேயே எழுதியிருப்பார்கள். 10 சதவீதம் உள்ள அரிஷ்டத்தை வேளைக்கு 20 மில்லி வீதம் இரண்டு வேளை குடித்தால் 4 மில்லி ஆகிவிடும். அப்போது யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள்! ஆனால் கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், குடியை விட்டு மீண்டவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இவர்களுக்கு இந்தக் கொஞ்சமும் வேண்டாம்.

அம்மா விஷயத்தில் என் கவலை ஆல்கஹால் அல்ல, அமுக்கரா. ஆமாம், அஸ்வகந்தா என்பது நம் அமுக்கராக் கிழங்குதான். அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. அவரோ ஏற்கெனவே தைராய்டு மாத்திரையில் இருக்கிறார். சர்க்கரையையும் பிரஷரையும் சற்று இறக்கும். அதற்கும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. அபூர்வமாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்துவிட்டது. நான் எழுதித் தருகிற மருந்து இது. தடை செய்யுமளவுக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் கண் மஞ்சளானாலோ, உடம்பு அரித்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ அன்றே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லாமல் யாருக்கும் கொடுப்பதில்லை.

இன்னொன்று, டிங்சரைச் சொட்டு எண்ணிக் குடிக்காதீர்கள். ஆல்கஹால் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சிறியது. டிராப்பருக்கு டிராப்பர் அளவும் மாறும். மில்லி கோடு போட்ட டிராப்பர்தான் சரி.

இனி அந்த ரகசியச் சூரணம். பரம்பரை வைத்தியர்களிடம் நானே கற்றிருக்கிறேன், குறை சொல்லவில்லை. செய்முறையை வேண்டுமானால் அவர் ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும். உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்பதைச் சாப்பிடுகிறவரிடம் மறைக்கக் கூடாது. உலோகம், தாதுக்களைப் புடம்போட்டு எடுக்கும் பற்பம், செந்தூரம் கலந்திருந்தால் அதற்கு அளவும் பத்தியமும் தனி. மூட்டுவலிச் சூரணத்தில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறவர்களும் உண்டு. இரண்டே நாளில் வலி பறந்து, சில வாரத்தில் முகம் உப்பினால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வரும். அவரிடம் ஒருமுறை மரியாதையாகக் கேளுங்கள்: “ஐயா, பெயரை மட்டும் எழுதிக் கொடுங்கள், எங்கள் டாக்டரிடம் காட்ட வேண்டும்.” எழுதித் தருகிறவரிடம் தொடர்ந்து போகலாம். கோபப்படுகிறவரிடம் அம்மாவை அனுப்பாதீர்கள்.

கேட்க வேண்டிய கடமை எங்களுக்கும் உண்டு. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரையை இறக்கும் சிறுகுறிஞ்சான் சூரணம் கொடுத்தேன். “வேறு ஏதாவது வியாதி உண்டா?” என்று கேட்டேன், “இல்லை” என்றார். “என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்கவில்லை. அவர் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான்காம் நாள் பேருந்து நிலையத்தில் சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரர் சீனித் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து மாத்திரை அட்டைகளைப் பையோடு மேசையில் கொட்டச் சொல்லிவிட்டுத்தான் நாடி பார்க்கிறேன்.

அதனால் அம்மாவின் மாத்திரை, சூரணம், டிங்சர் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஆங்கில மருத்துவர், சித்த மருத்துவர் இருவரிடமும் காட்டுங்கள். தைராய்டு டாக்டர் சரி என்று சொன்னால் மட்டும் புட்டியைத் திறக்கலாம். அப்போதும் வேறு புது மருந்து எதையும் கூடவே தொடங்காதீர்கள். ஆறு வாரத்தில் தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அறுவை சிகிச்சை ஏதாவது வந்தால் மயக்க மருந்து டாக்டரிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

அப்புறம், சர்க்கரை உள்ளவர் தூக்கமில்லை என்றால் இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறார் என்றுதான் நான் முதலில் கேட்பேன். நாலைந்து முறை எழுகிறவருக்கு அமுக்கரா எப்படித் தூக்கம் தரும்?

கேள்வி: மகனுக்கு மஞ்சள் காமாலை. தோட்டத்துக் கீழாநெல்லியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து டிங்சர் செய்யலாமா?
வாசகர், தென்காசி

பதில்: வேண்டவே வேண்டாம். சர்ஜிக்கல் ஸ்பிரிட் குடிக்க முடியாதபடி வேதிப்பொருள் கலந்து விற்பது. தோலில் தடவ மட்டுமே. நல்ல ஆல்கஹாலாகவே இருந்தாலும் காமாலை கண்ட கல்லீரலுக்கு அது ஆகாது. காமாலை ஓர் அறிகுறிதான். கிருமியா, பித்தப்பைக் கல்லா, ரத்தம் சிதைகிறதா என்பது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். இன்றே அழைத்துப் போங்கள். கீழாநெல்லி பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவும் இலைக்காம்பின் அடியில் காய் வரிசையாகத் தொங்குகிறதா என்று செடி தெரிந்தவரிடம் காட்டிய பிறகு.

கேள்வி: ஹோமியோபதி ‘மதர் டிங்சர்’ ரொம்ப நீர்த்ததுதானே, பயமில்லையே?
வாசகி, தாம்பரம்

பதில்: 30, 200 என்று எண் போட்ட புட்டிகள்தான் அப்படி நீர்த்தவை. மதர் டிங்சர் நீர்க்காத மூலச்சாறு, ஆல்கஹாலும் உண்டு. மேலே அம்மாவுக்குச் சொன்ன தாளில் இதையும் எழுதுங்கள்.